உங்கள் கழுத்தில் என் சங்கிலி

இன்று காலை கோயிலுக்குக் கிளம்பும்போது நகைப்பெட்டியைத் திறந்தேன். சங்கிலியின் கண்ணிகளுக்குள் காய்ந்த சந்தனம் இன்னும் ஒட்டியிருக்கிறது. முகர்ந்ததும், கிள்ளான் வீட்டுக் கண்ணாடி முன் முகம் மழித்தபடி நிற்கிறீர்கள். காதுக்குக் கீழே ஒரு வீக்கம்.

“வலிக்கவே இல்ல லா,” என்றீர்கள்.

பொன்னுக்கு வீங்கி என்று நானே முடிவு செய்தேன். சந்தனம் பூசி, பொன் பட்டால் இறங்கிவிடும் என்று என் சங்கிலியை உங்கள் கழுத்தில் போட்டேன். அதோடேயே துறைமுக வேலைக்குப் போனீர்கள். “போர்ட்ல, ‘அண்ணே, ரெண்டாவது கல்யாணமா’ன்னு கேக்குறானுங்க,” என்று சிரித்தீர்கள். வெள்ளிக்கிழமை விரதங்களை எண்ணியபடி ஒன்றரை மாதம் காத்திருந்தேன். வலிக்காத வீக்கத்துக்குத்தான் பயப்பட வேண்டும் என்று பிறகுதான் படித்தேன்.

தொண்டையில் புற்று. சிகரெட் உண்டா, குடி உண்டா என்று டாக்டர் கேட்டார். இரண்டும் இல்லை. பரிசோதனை முடிவு வந்ததும், இது ஒரு வைரஸால் வந்தது என்றார். தாம்பத்திய உறவில் தொற்றுவதாம். பெரும்பாலோருக்குத் தானாகப் போய்விடும்; சிலருக்குப் பல வருஷம் உள்ளே கிடந்து இப்படி மாறும். எப்போது, யாரிடமிருந்து என்று எந்தச் சோதனையும் சொல்லாதாம்.

கதிர்வீச்சு சிகிச்சைக்குத் தினமும் கோலாலம்பூருக்கு ரயில். ஜன்னலில் வெயிலும் நிழலும் மாறி மாறி ஓட, இருவரும் பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டு போவோம். அப்படி ஒரு காலை, பிரிக்பீல்ட்ஸ் நெருங்கும்போது, கரகரத்த குரலில் கேட்டீர்கள்:

“என் மேல சந்தேகமா?”

எதையும் கணக்குப் பார்த்தே பழகியவள் நான். மனத்துக்குள் நம் வருஷங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

“தண்ணி குடிங்க,” என்றேன்.

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அடுத்த வாரம் குரலே போயிற்று. பிறகு நீங்களும்.

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து அதே வைரஸுக்கான தடுப்பூசிப் படிவம் வந்தது. உங்கள் அக்கா முகம் சுளித்தார். “சின்னப் பொண்ணுக்கு எதுக்கு இந்த ஊசி? கேக்குறவங்க என்ன நினைப்பாங்க?”

மகள் என்னைப் பார்த்தாள். “அப்பாவுக்கு எங்கேருந்தும்மா வந்துச்சு?”

“தெரியாது. யாருக்கு வேணும்னாலும் வரும். அப்பா ஒரு தப்பும் பண்ணல.”

சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு சுலபமாக வரும் வார்த்தை அன்று ரயிலில் ஏன் வரவில்லை?

விளக்கேற்றும்போது முருகனிடம் இப்போது எதுவும் கேட்பதில்லை. அடுப்படியிலும் காய் வாங்கும் பாசாரிலும் ரயிலிலும், அன்று நீங்கள் கேட்டதற்குச் சொல்லாத “இல்லைங்க” என்ற அந்த ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டே நடமாடுகிறேன்.