ஒன்றுக்குப் பின்னால் ஏழு சுழிகள்

ஜூலை 8

பட்டறை மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

இப்படித் தொடங்கியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரிந்து நான்கு வருடமான பிறகு உங்களை வேறு எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. நானும் குட்டியும் நலம். போன் செய்திருக்கலாம். செய்தால் “சரி, நல்லது, வச்சுடறேன்” என்று இருபது நொடியில் முடித்துவிடுவீர்கள். குட்டியிடமும் அப்படித்தான். அவள் இப்போதெல்லாம் உங்களுக்குப் போன் செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

விஷயம் பள்ளிக்கூடத்துடையது. பதினொன்றாம் வகுப்புக்கு மடக்கை, அதுதான் லாகரிதம், நடத்துகிறேன். வருடா வருடம் அட்டவணையைப் பார்த்து எண்ணை எழுதுவதோடு பாடம் முடிந்துவிடும். “இது எதுக்கு டீச்சர்?” என்று யாராவது கேட்டால் பரீட்சைக்கு என்பேன். இந்த வருடம் அப்படிச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஒலியை வைத்து நடத்தப்போகிறேன். டெசிபல் என்பதே மடக்கைக் கணக்குதான். அளவில் பத்து கூடினால் ஒலியின் வலு பத்து மடங்காகிறது.

தகடு அடிக்கும் உங்கள் பிரஸ் மிஷின்களைப் பிள்ளைகள் அளந்து பார்க்க அனுமதி வேண்டும். அறிவியல் ஆசிரியை அழைத்து வருவார். காது பரிசோதிக்கும் நிலையத்திலிருந்து ஒரு பெண் கருவியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். விருப்பமுள்ள தொழிலாளர்களுக்குச் சோதித்துக் காட்டுவார். நான் வரமாட்டேன். குட்டி வருவாள், அவள் வகுப்பு என்பதால்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா


ஜூலை 15

டீச்சர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலாளியிடம் கேட்டேன், சம்மதித்தார். இருபத்தாறாம் தேதி காலை பத்து மணிக்கு வரட்டும். எல்லோரும் மூடிய செருப்பு போட்டு வர வேண்டும், சடையைத் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது.

காது சோதனையெல்லாம் எதற்கு? சத்தத்தை அளந்தால் போதாதா? சரி, ஏற்பாடு செய்துவிட்டாய் என்றால் நடக்கட்டும்.

குட்டி எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள்?

குட்டியின் அப்பா


ஆகஸ்ட் 1

உங்களுக்கு,

நாலைந்து காகிதத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பாடம் நன்றாகவே போனது. எங்கள் வகுப்பறை அறுபத்திரண்டு டெசிபல், உங்கள் கூடம் நூற்றிரண்டு. எத்தனை மடங்கு என்று கேட்டேன். “ரெண்டு மடங்குகூட இல்ல டீச்சர்” என்று கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள். குட்டி எழுந்து வந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாள். நாற்பது. பத்தால் வகுத்தாள். நான்கு. ஒன்றைப் போட்டுப் பின்னால் நான்கு சுழி போட்டாள். பத்தாயிரம் மடங்கு. நம்பாமல் வகுப்பே நோட்டில் போட்டுப் பார்த்தது. இருபது வருட ஆசிரியர் வேலையில் மடக்கைக்கு அப்படி ஓர் ஆர்வத்தை நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் குட்டி சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போனேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அம்மா, சாப்பாட்டு நேரத்துல மிஷினெல்லாம் நிறுத்திட்டாங்க. நான் அப்பாவுக்குப் பின்னாடி நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். கையெட்டுற தூரம்தான். அப்பா திரும்பவே இல்ல.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற பெண்ணிடமுமா இந்த வீம்பு என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். மற்றவர்கள் பிடித்துத் தள்ளியதால் நீங்கள் கடைசியாகக் காது சோதனைக்குப் போய் உட்கார்ந்தீர்களாம். நிலையத்துப் பெண் எண்களைச் சொல்ல, எழுதியவள் குட்டி. வலது காது எழுபது. இடது அறுபத்தெட்டு.

எழுபதைப் பத்தால் வகுக்க எனக்குக் காகிதம் தேவையில்லை. ஆனாலும் எழுதிப் பார்த்தேன். ஒன்றுக்குப் பின்னால் ஏழு சுழிகள். நல்ல காதுக்குக் கேட்கும் மெல்லிய ஒலியைப்போல் ஒரு கோடி மடங்கு வலு இருந்தால்தான் உங்கள் வலது காதுக்கு எட்டும்.

நான் கூப்பிட்டு நீங்கள் பதில் சொல்லாத ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வருகிறது. கல்யாண வீடுகளில் ஓரமாகப் போய் உட்கார்ந்தது, என் தங்கை பேசும்போது சம்பந்தமில்லாமல் சிரித்தது, போனை வைத்துவிட அவசரப்பட்டது. எல்லாவற்றுக்கும் திமிர் என்று பெயர் வைத்தேன். ஊரெல்லாம் சொன்னேன்.

கிளம்பிய அன்று சமையலறையில் பாத்திரம் தேய்த்தபடி உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன்: “‘போகாதே’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பெட்டியைப் பிரிச்சுடறேன்.” நீங்கள் பேசாமல் நின்றீர்கள். அந்த மௌனத்துக்காகத்தான் போனேன். உங்களுக்கு அது காதிலேயே விழவில்லை என்று இப்போது தெரிகிறது. நான்கு வருடம் வீணாகிவிட்டதே. என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மனைவி


ஆகஸ்ட் 12

டீச்சர் அம்மாவுக்கு,

மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாய். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

காது போவது எனக்கு முன்பே தெரியும். நீ கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்னால் பட்டறை மருத்துவர் சோதித்தார். அப்போது ஐம்பது. உன் கணக்கில் லட்சம் மடங்கு. மிஷின் பக்கமே போகக் கூடாது என்றார். எழுதிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். எழுதினால் கூடத்தை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். கூடத்துக்குள் நான் ராஜா. அங்கே யாருக்குமே எதுவும் கேட்காது, எல்லோரும் உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசுவோம். வீட்டுக்கு வந்தால்தான் நான் செவிடன்.

நீ கிளம்பிய அன்று உன் குரல் எனக்குக் கேட்கவில்லை. அது உண்மை. ஆனால் இருட்டத் தொடங்கியிருந்தது, விளக்குப் போட்டிருந்தாய். தொட்டிக்கு மேலிருக்கும் ஜன்னல் கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது. உதட்டைப் படித்துவிட்டேன். ஒரு எழுத்து விடவில்லை.

சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாய். இருந்தால் ஒரு மாதத்தில் கண்டுபிடித்து மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பாய். செவிட்டுப் புருஷன், திமிர் பிடித்த புருஷன், இரண்டில் எனக்குத் திமிர் மேலாகத் தோன்றியது. அவ்வளவுதான். உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

குட்டி என்னைக் கூப்பிட்டாள் என்பது உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

குட்டியின் அப்பா


ஆகஸ்ட் 30

குட்டியின் அப்பாவுக்கு,

பதினைந்து நாளாக எழுத வரவில்லை. காது கேட்காதவரை விட்டுவிட்டு வந்தோமே என்று ஒரு வாரம் அழுதேன். புரிந்தும் நின்றவர் என்று இப்போது தெரிந்திருக்கிறது. இதற்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை. முதல் அதிர்ச்சியாவது என்னைக் குற்றவாளியாக்கியது. இரண்டாவது என்னை ஒன்றுமில்லாதவளாக்கிவிட்டது. ஒரு வேலைக்கு முன்னால் நானும் குழந்தையும் அவ்வளவுதானா?

நீங்களாகச் சொன்னீர்கள், மறைத்திருக்கலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அவ்வளவே.

குட்டி காது நிலையத்தில் உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். செப்டம்பர் பதினெட்டு, காலை பதினொன்று. அவள் கூட வருவாள். நான் வரவில்லை. போகாமல் இருந்துவிடாதீர்கள். அவள் முதல் தடவையாக உங்களுக்காக ஒன்று செய்கிறாள்.

குட்டியின் அம்மா


செப்டம்பர் 19

உனக்கு,

நேற்றுப் போனோம். அதற்கு முன்பே முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கூடத்திலிருந்து எடுத்து உதிரிப்பொருள் கிடங்கில் போட்டிருக்கிறார். வேலை போகவில்லை. உன் பிள்ளைகள் எழுதிய ‘பத்தாயிரம் மடங்கு’ தாளைக் கூடத்து வாசலில் ஒட்டியிருக்கிறோம். காதுறை போடு என்றால் சிரித்தவர்கள் இப்போது வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறார்கள். உன் பாடம் பாஸ்.

நிலையத்துப் பெண் காது கேட்கும் கருவியை இரண்டு காதிலும் பொருத்தினாள். முதலில் ஒரே இரைச்சல், விசிறி, நாற்காலி, என் சட்டை உரசுவதுகூட. கழற்றி எறிந்துவிடலாம் போலிருந்தது. குட்டியை எனக்குப் பின்னால் போய் நின்று ஏதாவது பேசச் சொன்னாள்.

“அப்பா, கேக்குதா?”

தூக்கிவாரிப்போட்டது. நீ வந்துவிட்டாய் என்று நினைத்து எழுந்து திரும்பினேன். அங்கே குட்டிதான் நின்றுகொண்டிருந்தாள். நான் கடைசியாகச் சரியாகக் கேட்டபோது அவளுக்குப் பத்து வயது, கீச்சுக் குரல். அந்தக் குரல் எப்போது போயிற்று, உன் குரல் அவளுக்கு எப்போது வந்தது, எனக்குத் தெரியவே தெரியாது. அத்தனை வருடமும் அவள் போனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“ஏன் அப்பா அப்படிப் பாக்கறீங்க?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டாள். அப்புறம் இன்னொரு தடவை.

யாரென்று நினைத்துத் திரும்பினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். பதில் வேண்டும் என்று எழுதவில்லை.

நான்