நடுக்கோடு இல்லாத எட்டு

செவ்வாய், இரவு.

குரோம்பேட்டை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு விமான ரேடியோவின் டெஸ்ட் தாளைக் கையெழுத்துப் போடாமல் பையில் எடுத்து வந்துவிட்டேன். இது இல்லாமல் அந்த ரேடியோவைப் பயிற்சி விமானத்தில் மாட்ட முடியாது. காலை ஒன்பது மணிக்கு எடுத்துப்போக ஆள் வருகிறார்.

டிஸ்ப்ளேயில் எண்கள் விட்டுவிட்டுத் தெரிகின்றன என்றுதான் அது ரிப்பேருக்கு வந்தது. என் சீனியர் முரளி சார், டிஸ்ப்ளே கண்ணாடிக்குப் பின்னால் அதற்கு மின்சாரம் கடத்தும் ரப்பர் பட்டையைத் துடைத்து மாட்டினார். எப்போதும்போல மூடியைக் கழற்றி வைத்து, ஏசி காற்றில் பத்து நிமிடம் ஓடவிட்டோம். நன்றாக இருந்தது. சாப்பிடப் போகும்போது நான் மூடியை மாட்டினேன், ஆனால் ஆஃப் செய்ய மறந்துவிட்டேன். திரும்பி வந்தால், சூட்டில் எட்டின் நடுக்கோடு மறைந்து பூஜ்யமாகத் தெரிந்தது. பறக்கும்போது பைலட் அதை நம்பி அலைவரிசையை மாற்றினால் டவரோடு பேச முடியாது.

சாரைக் கூப்பிட்டேன். வந்ததும் மூடியைத்தான் முதலில் கழற்றினார். ஆறியதும் எட்டு திரும்பிவிட்டது.

"இன்னாம்மா, உன் கண்ணுக்கு மட்டும் ஒளிஞ்சு விளையாடுதா? சைன் பண்ணு, டைம் ஆகுது."

"சரி சார்" என்றேன். மூடியோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

காலையில் கையெழுத்தில்லாத தாளைப் பார்த்து "மறந்துட்டியா?" என்றுதான் கேட்பார். ஆமாம் என்றால் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதுதான். "மறக்கலை சார்" என்று மூன்று தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா, "யாருகிட்டடி பேசுற?" என்கிறாள்.