விசில் மாமாவின் செருப்பு

அன்புள்ள அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட. படித்ததும் கிழித்துவிடு. முன்பக்கம் இருப்பது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது: இங்கே எல்லோரும் சுகம், உன் சுகமும் குழந்தையின் சுகமும் தெரிந்தால் நிம்மதி, அப்பா வேலைக்குப் போய் வருகிறார், குழந்தைக்கு எந்நேரமும் டயப்பர் கட்டி வைக்காதே, உனக்கு என் ஆசி. அதில் ஆசி மட்டும்தான் நிஜம்.

விசில் மாமா செத்துப்போய்விட்டார். அப்பாவோடு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தாரே, உன் கல்யாணத்தில் விசிலடித்து அம்மாவிடம் திட்டு வாங்கினாரே, அவர்தான். தண்ணீரில் கலங்கிய சேறு படிவதற்குப் போடும் பாலிமர் தூள் மூட்டை, தொட்டிக்கு மேலே நடக்கும் பலகையில் கிழிந்து கொட்டிவிட்டது. அது மின்னேற்றமுள்ள நீளச் சங்கிலி, எதிர் மின்னேற்றமுள்ள மண்துகளையெல்லாம் கோத்து அடியில் இழுத்துப் போய்விடும், நீ தலைக்குப் போடும் கண்டிஷனரும் குழந்தையின் டயப்பரும் அதே வம்சம்தான் என்று அப்பா கேலி செய்வாரே, அந்தத் தூள். காய்ந்திருந்தால் ரவை, நனைந்தால் விளக்கெண்ணெய். உப்பைத் தூவிக் கூட்டி அள்ளணும் சார், தண்ணி படவே கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். பெரிய விஞ்ஞானி வந்துட்டாரு, பைப்ப எடுத்து அடிச்சு விடுய்யா என்றாராம் மேற்பார்வையாளர். அப்பா தண்ணீரை அடித்துவிட்டார். அதில்தான் மாமா கால் வைத்து, வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தார்.

மாமா குடித்திருந்தார் என்று அப்பா விசாரணையில் சொல்ல வேண்டுமாம், மேற்பார்வையாளர் மிரட்டுகிறார். மாட்டேன் என்றால், பைப்பைப் பிடிச்சது நீதானே என்பாராம். அப்பா அப்படிச் சொன்னால் மாமா வீட்டு அத்தைக்கு ஒரு உதவியும் கிடைக்காது. காபிக்கு மேல் எதையும் தொடாத மனிதர் அக்கா. இன்று அத்தை வந்து, அவரு குடிப்பாராண்ணே, நீங்களே சொல்லுங்க என்று கேட்டாள். அப்பா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

பலகையில் கிடந்த மாமாவின் ஒரு செருப்பை அப்பா சாப்பாட்டுப் பைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தார். எரிச்சுத் தொலைங்க என்று அம்மா அழுதாள். அப்பா பார்க்கவே நான் அதை எடுத்து ஒளித்துவிட்டேன். அடியில் வெள்ளையாகக் காய்ந்திருந்த இடத்தில் இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், கொழகொழவென்று உயிர் வந்துவிட்டது, மாமா வழுக்கியது இதில்தான் என்பதற்கு இது ஒன்றுதான் சாட்சி. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு செருப்பைக் காணோமே என்று மேற்பார்வையாளர் சாயங்காலம் போனில் கேட்டார். அப்பா தெரியாது என்றார், அவர் நம்பவில்லை. இதை அத்தையிடம் கொடுத்தால் அப்பாவைப் பிடித்துப் போவார்களா? கொடுக்காவிட்டால் அத்தை முகத்தில் எப்படி விழிப்பேன்? நீ சொல்கிறபடி

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். மேற்பார்வையாளர் குரல். அப்பா என்னைத்தான் கூப்பிடுகிறார், பாப்பா, அந்தச் செருப்ப எடுத்துட்டு வா என்று