குதித்தால் எரியும் விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் அனல்மின் நிலையம் திருந்திவிட்டது. நிலக்கரியை இன்றும் மலை மலையாகத்தான் எரிக்கிறோம். ஆனால் வரவேற்பறையில் பச்சைத் தரை போட்டாயிற்று. அதன்மேல் ஏறிக் குதித்தால் மின்சாரம் வருமாம், எதிர்ச் சுவரில் விளக்கு எரியுமாம். யோசனை மேலாளருடையது. அவருக்குப் பசுமையார் என்று நான் வைத்த பெயர் கேன்டீன் வரை பரவிவிட்டது.

ஆற்றில் வீணாக விடும் வெந்நீரைக் குழாய் போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குக் கொடுக்கலாம், அவர்கள் பாய்லருக்குப் பாதி வேலை மிச்சம் என்று தண்ணீர் ஆய்வகத்து அக்கா தலைபாடாக அடித்துக்கொள்கிறார். அதற்குப் பசுமையார் சொன்ன பதில்: "குழாயை எவன்மா போட்டோ எடுப்பான்?"

மார்ச் 6, வியாழன்

குதித்துப் பார்த்தோம். விளக்கு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. பசுமையார் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுவர்ல இருந்து ஒரு ஒயர் இழுத்துடுப்பா. குதிச்சதும் பளிச்சுன்னு எரியணும். சும்மா ஒரு செட்டப்தான்."

இழுத்துவிட்டேன். எலெக்ட்ரீஷியன் வேறென்ன செய்வான்? நிலக்கரி மின்சாரத்தில் எரியும் பசுமை விளக்கு! சிரித்து மாளவில்லை.

மார்ச் 13, வியாழன்

நாளை மகளின் வகுப்பு எங்கள் நிலையத்தைப் பார்க்க வருகிறது. எங்கப்பா வேலை செய்ற இடம் என்று வாலு இப்போதே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

வந்தாள். குதித்தாள். பளிச். "அப்பா, நான் கரண்ட் பண்ணிட்டேன்!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாள். பசுமையார் கைதட்டினார். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்தும் குதி குதியென்று குதிக்கிறாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து சத்தம் போட்டார். "உங்களுக்கும் கரண்ட் பில் கம்மியாகும் அங்கிள்" என்றாள் அவரிடம். பிறகு என்னிடம், "எல்லாரும் குதிச்சா கரியே எரிக்க வேண்டாம்லப்பா?"

அவள் தூங்கியதும் ஒயர் விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். பசுமையாரைத் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒயரை இழுத்தது அவரா, நீங்களா?"

எனக்கு ஊரையே நக்கல் அடிக்கத் தெரியுது. கட்டிங் பிளேயர் பிடிச்ச கை எவன் கை? த்தூ.

மார்ச் 19, புதன்

நாளை கம்பெனி சேர்மன் வந்து குதிக்கிறார். ஒயரைக் கழற்றிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

சேர்மனுக்குக் கனத்த உடம்பு. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தம் பிடித்துக் குதித்தார். ஒரு சிமிட்டு. மறுபடி குதித்தார். மறுபடி ஒரு சிமிட்டு.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் சார். முன்னாடி எரிஞ்சதெல்லாம் நான் இழுத்த ஒயர்."

பசுமையார் என்னைப் பார்த்த பார்வைக்கு நிலக்கரி இல்லாமலே பாய்லர் கொதித்திருக்கும். அதை வைத்து ஒரு திட்டம் போடலாம். சாயங்காலத்துக்குள் எனக்கு மாற்றல் ஆணை வந்துவிட்டது: வெந்நீர் வாய்க்கால் கரையில், பம்ப் கொட்டகை.

வாலுவிடமும் சொன்னேன். அழவில்லை. "அப்ப நான் பண்ணலையா?" என்று கேட்டாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சேர்மனைவிட இவளுக்குத்தான் பயந்திருந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பச்சைத் தரையைப் பலகை பலகையாகப் பெயர்த்து, விளக்கோடு சேர்த்து என் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிவிட்டார்கள். வரவேற்பறையில் இப்போது பிளாஸ்டிக் செடி. அதுவும் பச்சைதானே!

ஆய்வகத்து அக்கா குழாய்க்கு ஆஸ்பத்திரி வரை அளவெடுக்க வந்தார், யாரும் உத்தரவு போடாமலே. நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன். மனைவி வாலுவையும் என்னோடு அனுப்பியிருந்தாள். எட்டடி தள்ளியே நடந்தாள்.

திரும்பி வந்ததும் குவியலிலிருந்து ஒரு பலகையை இழுத்துப் போட்டு, "விளக்கை மாட்டுங்க" என்றாள். மாட்டினேன். குனிந்து நாலு பக்கமும் ஒயர் தேடினாள். என் சட்டைப்பையைக்கூட விடவில்லை. பிறகு ஏறிக் குதித்தாள். ஒரு சிமிட்டு.

"இது நெஜமா?"

"நெஜம்."

மறுபடி குதித்தாள்.