படிவத்தில் இருந்த இரண்டாவது பெயர்

மாமு,

சட்டையைக் கழற்றும்போது அந்த வாசனை வந்தது. சீட்டு மேல் போட்ட பாலிதீன் உறை, ரப்பர், பசை எல்லாம் கலந்து லேசாகத் தலையைக் கிறுகிறுக்க வைக்குமே, புது வண்டியின் வாசனை, அதுதான். பதிமூன்று வருஷம் எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து இந்த வாசனையைச் சட்டையில் சுமந்துகொண்டுதான் நாம் இருவரும் வேனில் வியாசர்பாடிக்குத் திரும்புவோம். அந்த வண்டிகளில் ஒன்றுகூட நம்முடையது இல்லை. இன்றைக்கு என் சட்டையில் இருப்பது என் மகள் கௌதமியின் வண்டி. கரன்ட்டில் ஓடுவது. மணலி கம்பெனி லேபில் வேலைக்குச் சேர்ந்து, தானாகவே பார்த்துப் பேசி வாங்கியிருக்கிறாள். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நாம் பார்த்த வேலையைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. யார்டில் நிற்கும் புதுக் காரில் ஏற வேண்டும், கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும், சாவியை உள்ளேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும், வேனில் திரும்பி வந்து அடுத்த காரில் ஏற வேண்டும். அந்தக் கப்பலுக்குள் முதல் நாள் நுழைந்தபோது நாம் இருவரும் வாயைப் பிளந்தது ஞாபகம் இருக்கிறதா? மாடி மேல் மாடி, எல்லா மாடியிலும் கார். ஒரு காருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு முஷ்டி அளவு இடைவெளி. எத்தனையோ ஆயிரம் புதுக் கார் ஓட்டினேன், எதையும் துறைமுகத்து கேட்டுக்கு வெளியே கொண்டுபோனதில்லை.

நான் டிரைவர், நீ செக்கர். உனக்கு இரண்டு வேலை. காலையில் கேட்டில் நின்று எங்கள் உடம்பைத் தடவிப் பார்ப்பாய். பெல்ட், மோதிரம், வாட்ச் எதுவும் இருக்கக் கூடாது, காரில் கோடு விழுந்துவிடும். அப்புறம் கப்பல் ஏறும் இடத்தில் நின்று ஒவ்வொரு வண்டியையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாய். குத்துச்சண்டையில் முட்டி உடைந்து கோணலான கை. அந்தக் கை நின்ற இடத்தில் எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கருவி வைத்துப் பார்த்தால் அங்கே ஒரு நசுங்கல் இருக்கும். வெளிநாட்டு ஆள் ஒருவர் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். "கண்ணு ஏமாத்தும் மச்சி. வெளிச்சம் மாறுனா கண்ணு மாறிடும்" என்பாய். நானும் தடவிப் பார்ப்பேன், ஒரு நாளும் எனக்கு எதுவும் தட்டுப்பட்டதில்லை. என் கைக்கு அவசரம் ஜாஸ்தி என்று கிண்டல் செய்வாய்.

அந்த ஏப்ரல் மாதக் காலையை நாம் அப்புறம் பேசியதே இல்லை. நம் தெரு விழாவில் கொடியேற்றிவிட்டு நேராக வேலைக்கு வந்தேன். சட்டையில் நீல ரிப்பன், அதில் ஒரு ஊக்கு. கேட்டில் எல்லோரையும் தடவிப் பார்த்த நீ, என் முறை வந்தபோது தோளில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பிவிட்டாய். தோஸ்துதானே. வெயிலுக்குக் கம்பெனி மேலங்கியைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக் காரின் மேல் சாய்ந்தேன். ஊக்கு ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது.

உன் கை அதைக் கண்டுபிடித்தது. ஒரு டிரைவர் மேல் தப்புக்கு ஒன்றாக இரண்டு புள்ளி விழுந்தால் வேலை போய்விடும். எனக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. கெஞ்சினேன். "லாரில வரச்சொல்லோ ஆயிகீதுன்னு எழுதிடு மாமு. கௌதமி இப்பதான் ஆறாங்கிளாஸு." நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னா கீதோ அதத்தான் எழுதுவேன்" என்றாய். படிவத்தில் என் பெயரை எழுதத் தொடங்கியதைப் பார்த்தேன். மேலங்கியைக் கழற்றி உன் காலடியில் எறிந்துவிட்டுப் போனேன்.

வேலை போகவில்லை. மூன்று வாரம் நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். கப்பல் நிறைய வருகிறது, ஆள் பற்றாக்குறை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் நீ எதிரில் வந்தால் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். திரும்ப வேலைக்குப் போன அன்றுதான் வேன் டிரைவர் சொன்னார், நீயும் அந்த மூன்று வாரம் வெளியே இருந்தாயாம், காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கினாயாம். என் பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதியிருக்கிறாய், உடை பார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்று. உன்னிடம் கேட்டதற்கு, "பாக்கல, அதான் எழுதுனேன்" என்று சிரித்தாய். சட்டப் பைத்தியம், தன்னையும் விட மாட்டான் போல என்று நானும் சிரித்தேன். பழையபடி ஆனோம். ஆனால் ஒரு முள் உள்ளேயே இருந்தது. உன் பெயரை எழுதியது உன் இஷ்டம், என் பெயரை ஏன் எழுதினாய்? போகட்டும், மன்னித்துவிட்டேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

இனி கௌதமியின் வண்டிக்கு வருகிறேன். போன மாதம் டெலிவரி எடுக்கப் போனோம். மாதவரம் தாண்டி ஷோரூம். பலூன், கேக், வண்டி மேல் சிவப்புத் துணி. எம்.கே.பி. நகர் வீட்டில் சொந்தமெல்லாம் மாலையோடு காத்திருந்தது. நான் பெல்ட்டையும் வாட்ச்சையும் மோதிரத்தையும் கழற்றிக் கௌதமியிடம் கொடுத்தேன். ஷோரூம் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு முன்பக்கம் காதை வைத்தேன். சத்தமே இல்லை. இன்னொரு தடவை பண்ணச் சொன்னேன். "நைனா, அது ஆன் ஆயி நின்னுகினுதான் கீது" என்றாள் கௌதமி. எனக்குப் புல்லரித்தது மாமு. மூச்சு விடாமல் உயிரோடு நிற்கிற ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

சார்ஜ் போடும் மூடி, வயர், கண்ணாடி, டயர், குனிந்து அடியில் பேட்டரியின் தகடு, எல்லாம் பார்த்தேன். கடைசியாகக் கையை ஓட்டினேன். இடது பின்கதவில் கை நின்றது. கண்ணுக்கு முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு, கைக்கு அந்த இடம் மட்டும் மெழுகு பூசினது போல இருந்தது. பதிமூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அகப்படாதது அன்றைக்கு அகப்பட்டது. அது என் கைதானா என்று பார்த்துக்கொண்டேன். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னேன். மற்ற கதவுகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது.

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர்கள் யார்டில் ஒரு டிரைவர் தூணில் இடித்துவிட்டாராம், சரிசெய்து பெயின்ட் அடித்துவிட்டார்களாம். "நீங்க டெலிவரி படிவத்துல எழுதினா அந்த டிரைவருக்கு வேலை போயிடும் சார். நீங்களும் அதே வேலை பார்த்தவர்தானே" என்றார். ஆள் கெட்டிக்காரர், சரியான இடத்தில் கை வைத்தார்.

பேனா என் கையில். எழுதாவிட்டால் என் மகள் ஒளித்து விற்ற வண்டியை ஓட்டுவாள். எழுதினால் முகம் தெரியாத ஒருவன் வீட்டில் அடுப்பு அணையும். கப்பல் ஏறும் இடத்தில் நீ எப்படி நின்றிருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது. கௌதமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேக்கைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "வண்டி இன்னிக்கு வராங்காட்டி போவுது நைனா. அந்த ஆளு வேல போனா இன்னா பண்றது?" என்றாள்.

உன் ஞாபகத்தில், நீ செய்தது போலச் செய்தேன். இடது பின்கதவு இடிபட்டது, இடித்தவர் யார்டு டிரைவர் என்று எழுதினேன். அதன் கீழே, பெயின்ட் அடித்து மறைத்துக் கொடுத்தவர் மேலாளர் என்று எழுதி, அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போடாவிட்டால் வண்டியே வேண்டாம் என்றேன். அவர் வெகுநேரம் மல்லுக்கட்டினார், கடைசியில் போட்டார். ஆட்டோவில் வீடு திரும்பினோம். வண்டி இல்லாமலே பிரியாணி சாப்பிட்டார்கள். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு இவ்வளவு பேஜாரா என்று என் தங்கை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

வேறு வண்டி இன்று காலை வீட்டு வாசலுக்கே வந்தது. நம் வயதில் ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். கௌதமி என்னை ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றினாள். இறங்கும்போது சாவியை உள்ளேயே வைத்துவிட்டு இறங்கச் சொன்னேன், பழக்க தோஷம். "நைனா, இது கப்பல் இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வண்டி கொண்டுவந்தவர் போகாமல் நின்றார்.

"சார், அந்தக் கதவ இட்ச்சது நான்தான்."

வேலை என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டேன்.

"கீது சார். எனக்கு அது ரெண்டாவது புள்ளி. எம்பேரு மட்டும் இருந்தா அன்னிக்கே அனுப்ட்ருப்பாங்கோ. கீழ இன்னொரு பேரு இருந்ததால ரெண்டு பேரு தப்புன்னு ஆயி, எம்மேல புள்ளி ஏறல. பத்து நாளு நிறுத்துனாங்கோ, அவ்ளோதான். எண்ணூர்ல நான் செக்கரா இருந்தப்பவும் இதான் சார் ரூலு. செக்கருங்கோ எல்லாருக்கும் தெரியும். யாரு தம்பேர எழுதுவா?"

அவர் போனபிறகு வண்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தேன். எனக்கும் அது இரண்டாவது புள்ளி, மாமு. கப்பல் நிறைய வந்ததால் நான் தப்பிக்கவில்லை. உனக்கு ரூல் தெரியும். பொய் எழுதாமல் என் வேலையைக் காப்பாற்ற உன்னிடம் இருந்தது உன் பெயர் ஒன்றுதான், அதை எழுதிவிட்டு ஐஸ் பெட்டி தூக்கப் போயிருக்கிறாய். நான் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் அத்தனை வருஷம் ஒரே வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் நீ வாயைத் திறக்கவில்லை. ஒரு மனிதனால் இப்படி இருக்க முடியுமா என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டோம் என்ற பெருமையோடுதான் அன்றைக்கு உன் பாடைக்குத் தோள் கொடுத்தேன், மாமு. அந்தத் தோள் இப்போது கூசுகிறது.