தொட்டியைக் காலி செய்த கறுப்பி

அப்பாவுக்கு ராஜசேகர் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் கடிதம்.

இங்கே கிளென்மார்கனில் ஓடை வற்றி, நான் வேலை செய்யும் பண்ணைக்கு லாரித் தண்ணீர்தான் வருகிறது. ஒரு மாட்டைக் குறைக்கலாம் என்றார் முதலாளி. பால் வற்றிய பிறகும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்கிறதே என்று நான்தான் கறுப்பியைக் கைகாட்டினேன். வாங்கிப்போனவர் நேற்று போன் செய்தார். "ஏனுங்க, டாக்டர் பார்த்தாருங்க. உங்க மாடு நாலு மாசச் சினைங்க, அதான் அத்தனை தண்ணி குடிக்குதுங்க!" அவருக்கு ஒரே சந்தோஷம். கறுப்பியைக் கட்டியிருந்த இடத்தை நான் இன்னும் தினமும் கூட்டுகிறேன்.

நம் வீட்டுச் செவலையும் தண்ணீர் அதிகம் குடிக்கிறது என்றீர்கள். விற்றுவிடுங்கள் என்று போன கடிதத்தில் எழுதிவிட்டேன். விற்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். குளிருக்கு உங்கள் பழைய சால்வையைக் கொடுத்தனுப்புங்கள். பால் வண்டி கிளம்புகிறது, இதை அதில்தான் அனுப்புகிறேன்.

செவலையை ஏற்கெனவே விற்றிருந்தால், அதை மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.

ராஜசேகர்