உப்புச் சாக்கில் நிரப்பிய செம்மண்

தோஸ்த்,

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுத்தோட்ட வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். தன் தக்காளி நாற்று ஏன் கருகுகிறது என்று கேட்க, செடியைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சாக்கு பக்கத்தில் வந்ததுமே அந்த வாடை அடித்தது. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு வந்த சாக்கு. உடனே உன் ஞாபகம்தான் வந்தது.

இந்த வகுப்பு நம் ஊரில் தொடங்கியபோது நாம் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்தோம். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் இறங்கிய நம் தெரு மண்ணில் துளசிகூட நிற்காது. அதனால் வகுப்பு எடுத்த டீச்சர் ஆலங்காயம் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் செம்மண் வரவழைத்தார். மறு லோடு கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார். மண்ணை எதில் நிரப்புவது என்று எல்லோரும் கையைப் பிசைந்து நின்றபோது, உன் வீட்டுக்காரர் வேலை செய்த தோல் மண்டியிலிருந்து கட்டுக்கட்டாகச் சாக்கு கொண்டுவந்து இறக்கினாய். ஒரு தண்ணீர் அலசி, காயவைத்து, வீடு வீடாகக் கொடுத்தாய். தெருவே உன்னைக் கொண்டாடியது. உப்புச் சாக்கு நமக்கெல்லாம் வீட்டுச் சாமான் மாதிரி. அதில் யாருக்குச் சந்தேகம் வரும்?

வேர் பிடிப்பதற்குள் எல்லார் வீட்டு நாற்றும் இலையோரம் கருகியது. டீச்சர் வந்து பார்த்தார். சாக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உப்பு மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்றார். அடுத்த வகுப்பில் உன் பக்கத்து வீட்டுக்காரி உன்னை முறைத்துவிட்டு, மண்ணைக் கொட்டப்போவதாகவும் இனி வகுப்புப் பக்கமே வரப்போவதில்லை என்றும் சொன்னாள். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் மண்டிக்காரன் மேல் பழியைப் போட்டிருப்பார்கள். நீ வாசலை மறித்து நின்றாய்.

"சாக்கு நான் குடுத்தது. மண்ணைக் கொட்டிடாதீங்க. நானே சரி பண்ணித் தர்றேன்."

எப்படி என்று உனக்கே அப்போது தெரியாது. பிறகுதான் டீச்சரிடம் கேட்டாய். நல்ல தண்ணீர் மண்ணுக்குள் புகுந்து கீழே வடிந்தால் உப்பும் கூடவே போய்விடும் என்றார். நம் போர் தண்ணீரே உப்பு. மழைதான் ஒரே வழி. ஓட்டை பக்கெட்டுகளைத் தேடிப் பிடித்து, தெருவில் எல்லார் வீட்டுச் செம்மண்ணையும் அவற்றுக்கு மாற்றினாய். ஐப்பசி மழை பிடித்ததும், வேலை விட்டு வந்த கையோடு வீடு வீடாக ஏறி, மண்ணைக் கிளறிவிட்டு நனையவைத்தாய். "உப்புத் தின்னா தண்ணி குடிச்சுத்தானே ஆவணும்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாய். நானும் கூடவே வந்தேன், குடை பிடித்துக்கொண்டு. அந்தக் குடை எனக்குத்தான் தேவைப்பட்டது.

மண் தேறிவிட்டதா என்று பார்க்க வெந்தயம் தூவினாய். முதலில் தூவியது அழுகிப்போனது. மறுபடி கிளறினாய், மறுபடி நனைத்தாய். ஒரு நாள் காலையில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி பக்கெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் வாசலில் வந்து நின்றாள். பக்கெட் முழுக்கப் பச்சை. ஒரு தெருவின் மண்ணையே ஒருத்தி கழுவி எடுக்க முடியுமா, தோஸ்த்? கண்ணால் பார்த்தும் எனக்கு இன்றுவரை அந்தப் பிரமிப்பு அடங்கவில்லை.

போன பங்குனியில் காய்ச்சலில் போய்விட்டாய். டீச்சரும் மாற்றலாகிவிட, வகுப்பு என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த பெண், சாக்கு உப்புதான் காரணம் என்று நான் சொன்னதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மண்ணைக் கால்வாயில் கொட்டிவிடுகிறேன் என்றாள். யோசிக்கும் முன்பே என் வாய் பேசிவிட்டது.

"கொட்டிடாதம்மா. ஓட்டை பக்கெட்ல மாத்தி வை. மழை வந்ததும் நான் வர்றேன்."

"உங்களுக்கு இன்னாத்துக்குக்கா இந்த வேலை?" என்று கேட்டாள். உன்னைப் பற்றி எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? பையைத் திறந்து ஒரு பிடி வெந்தயத்தை அவள் கையில் வைத்தேன்.

ஏலகிரி மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, தோஸ்த். இந்த முறை நான் குடை எடுக்கப்போவதில்லை.